ஓடைக்குள் ஓர் ஆட்டுக் கொட்டகை

எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு மேளக்காரர் வரத் தாமதமானால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். என் மதினி வரத் தாமதமானால்தான் கவலைப்படுவார்கள். அவள் குலவை போடாமல் முளைப்பாரி கோயிலைவிட்டு நகராது. மற்றப் பெண்களும் போடுவார்கள்தான். ஆனால் மதினி வாயைத் திறக்கும்வரை அதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொள்கிற மாதிரி இருக்கும். அவள் ஆரம்பித்தால் தெருக்கோடியில் படுத்திருக்கிற நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுக்கும்.

"உங்க குலவைக்குப் பயந்துதான் மதினி, மளை சாத்தூரோட திரும்பிப் போயிருது" என்பேன்.

"வந்தா மட்டும் நீங்க நெல்லா நடப் போறீக? அதே மக்காச்சோளந்தான" என்பாள்.

அண்ணன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மோரைக் குடித்துக்கொண்டிருப்பான். அவனுக்குப் பேச்சு வராது. வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் நானும் மதினியுமே பேசிவிடுவதால் வாய்ப்பும் கிடைத்ததில்லை.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணை பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. காடு என்றதும் மரங்களைத் தேட வேண்டாம். வானம் பார்த்த விளைநிலத்தைத்தான் நாங்கள் காடு என்கிறோம். கரிசல் எங்கே முடிந்து சரள் மேடு ஆரம்பிக்கிறதோ அங்கே பட்டாசுக் கம்பெனிகள். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். சீசனில் வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் ஓட்டுவோம், சீசன் முடிந்தால் காலண்டர். அருவிப் படம் போட்ட காலண்டரை வருஷா வருஷம் ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுக்கிறவன், வீட்டுக்கு வந்தால் குளிக்கத் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பேன். மெஷின் நிற்கிற நாட்களில் அண்ணனோடு காட்டில் நிற்பேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் மதினியும் பட்டாசு வேலைக்குத்தான் போனாள். காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். கையில் தூக்குவாளியோடு ஏறிப் போய்விட்டுச் சாயங்காலம் விரல் நுனியெல்லாம் சாம்பல் நிறமாகத் திரும்புவாள். ஒரு நாள் பக்கத்து அறையில் வெடிமருந்து தீப்பிடித்துக்கொண்டது. மதினிக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட அடுப்படியைவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். இனி வேனில் ஏறமாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னாள். அவன் சரி என்றான். அடுத்த வாரம் அவளுடைய அம்மா வீட்டிலிருந்து இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"இதுக இருக்க மட்டும் நான் அந்த வேன்ல ஏற மாட்டேன் தம்பி. இதுக போச்சுன்னா ஏறித்தான் ஆகணும். வேற என்ன பொளப்பு இருக்கு இங்கன" என்று அன்றைக்கே என்னிடம் சொன்னாள்.

குட்டிகள் பெருகின. அந்த முதல் இரண்டில் ஒன்று, வெள்ளைக் காதுக்காரி, மந்தைக்கே தலைவியாகிவிட்டது. அதை மூத்தவள் என்றுதான் வீட்டில் சொல்வோம். அதன் கழுத்தில் ஒரு பித்தளை மணி. மணிச் சத்தம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மற்ற ஆடுகள் போகும். மூத்தவள் யாருக்கும் கட்டுப்பட்டதாக நான் பார்த்ததில்லை. மதினிக்கு மட்டும் ஏதோ பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுப்பது மாதிரி நடந்துகொள்ளும். வேன் டிரைவரும் விட்டபாடில்லை. பழக்கதோஷத்தில் எங்கள் வாசலில் தினமும் வேகத்தைக் குறைப்பார். மதினி ஆட்டுக் கம்பை உயர்த்திப் போகச் சொல்லிக் காட்டுவாள். இது வருஷக்கணக்காக நடந்த விளையாட்டு.

ஆடுகளுக்குக் கொட்டகை போட இடம் தேடியபோதுதான் அந்தக் காரியத்தைச் செய்தோம். ஊருக்குத் தெற்கே கண்மாய். அது நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்கு ஒரு ஓடை. கண்மாய் வழிவதை மறுகால் பாய்கிறது என்போம். மறுகால் பாய்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஓடை முதலில் வண்டிப் பாதையானது, பிறகு பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிற இடமானது. அதற்குப் பிறகு எங்கள் கொட்டகை. கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் கரிசலில் ஆடு கட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் தெரியும். ஒரு தூற்றல் விழுந்தால் கரிசல் பசையாகிவிடும். ஆட்டுக் குளம்புக்கு நடுவில் அப்பிக்கொண்டு புண்ணாகும். ஓடையில் இருப்பது மணல். பெய்த மழை பெய்தவுடன் இறங்கிவிடும், ஆட்டுக்குக் கால் காய்ந்தே இருக்கும். அதாவது ஆடுகளை ஈரத்திலிருந்து காப்பாற்றத்தான் அவற்றைக் கொண்டுபோய் ஓடைக்குள் கட்டினோம். ஊரில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல இடம் பிடித்துவிட்டோம் என்று பொறாமைப்பட்டவர்கள்தான் உண்டு.

அந்த வருஷம் தீபாவளி முடிந்தும் மழை விடவில்லை. ஆரம்பத்தில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் நனைந்தோம். மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றது. ஊடே போட்டிருந்த உளுந்து காய்த்துக்கொண்டிருந்தது. மேலக்காட்டில் கொத்தமல்லி விதைத்திருந்தோம். காலையில் வரப்பில் நடந்தால் மல்லி வாசம் வேட்டியில் ஏறும். அண்ணன் ஒவ்வொரு மழைக்கும் மண்வெட்டியோடு போய் வரப்பை உயர்த்திவிட்டு வந்தான். பெய்கிற தண்ணீரில் ஒரு சொட்டுகூடப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடக் கூடாது. எங்கள் ஆட்கள் பிறந்ததிலிருந்து செய்கிற வேலை அது.

கார்த்திகை முடிந்தும் மழை நிற்காதபோது கதை மாறியது. சோளத்தின் அடித்தாள் மஞ்சளாக ஆரம்பித்தது. வேர் தண்ணீரில் நிற்கிறது, வரப்பை வெட்டிவிடு என்று நான் சொன்னேன். அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். வரப்பின்மேல் ரொம்ப நேரம் நின்றான். பிறகு வெட்டாமலே திரும்பி வந்தான்.

"என்னண்ணே?"

"கை வர மாட்டேங்குதுடா" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நானே மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனேன். போய் வரப்பில் நின்றேன். தண்ணீர் தெளிந்து கிடந்தது, அதில் சோளத்தட்டைகளின் நிழல் தெரிந்தது. எங்கள் காட்டில் நிழல் விழுகிற அளவுக்குத் தண்ணீர் நின்று நான் பார்த்ததே இல்லை. நானும் வெட்டாமல் திரும்பினேன். மதினி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவாவது வெட்டியிருக்கலாம்.

மார்கழியில் ஒரு நாள் இடைவிடாமல் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் மழை சற்று ஓய்ந்தபோது ஊருக்குள் ஒரே பரபரப்பு. கண்மாய் நிரம்பிவிட்டது, இன்னும் சற்று நேரத்தில் மறுகால் பாயப்போகிறது. வீட்டைப் பூட்டக்கூட யாருக்கும் நேரமில்லை. தேங்காய், மஞ்சள், பூ, சூடம் எல்லாம் கிளம்பின. பட்டாசு ஊர் ஆயிற்றே, யாரோ சரவெடியும் எடுத்து வந்து அது நமத்துப் போய்ப் பாதியில் நின்றது. கம்பெனிகள் மழைக்கு மூடிக் கிடந்ததால் வேலைக்குப் போகிற சனம் முழுவதும் கரையில் நின்றது. பிறந்ததிலிருந்து மறுகாலைப் பார்த்திராத பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

தண்ணீர் மறுகால் வழிகிற கல்லுக்கட்டின் விளிம்புக்கு வந்து, தயங்கி நின்று, ஒரு மூலையில் மட்டும் எட்டிப் பார்த்து வழிந்தது. பிறகு முழு அகலத்துக்கும் வழிந்தது. பூசாரி தேங்காயை உடைத்தார். மதினி முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்து குலவை போட்டாள். அப்படி ஒரு குலவையை நான் கேட்டதில்லை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்தில் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தண்ணீர் நுரைத்துக்கொண்டு, முள்ளையும் சருகையும் உருட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது. பெண்கள் மஞ்சளும் பூவும் தூவி அதை வழியனுப்பினார்கள். மதினி இரண்டாவது குலவையை எடுத்தாள்.

அது பாதியில் நின்றுவிட்டது.

தண்ணீர் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் பூ அப்படியே இருந்தது. "தம்பி, ஆடு" என்றாள்.

அவ்வளவு நேரம் நாங்கள் மூன்று பேரும், ஊர் முழுவதும், அந்தத் தண்ணீருக்குப் பூப்போட்டு அனுப்பிவைத்தது எங்கள் கொட்டகைக்குத்தான்.

ஓடை வளைந்து வளைந்து போகும். குறுக்கே காட்டு வழியாக ஓடினால் தண்ணீருக்கு முன்னால் போய்விடலாம். கரிசல் அனுமதித்தால் போகலாம். ஒவ்வொரு அடிக்கும் காலில் ஒரு படி மண் ஏறியது. செருப்பு எங்கேயோ போனது. அண்ணன் எங்கள் சொந்தச் சோளத்துக்குள்ளேயே புகுந்து தட்டைகளை மிதித்துக்கொண்டு ஓடினான். வரப்பை வெட்டக் கை வராதவன், விளைந்த கதிரை மிதித்துக்கொண்டு ஓடினான். மதினி எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள். அழவில்லை. மூத்தவளைத் திட்டிக்கொண்டே ஓடினாள். ஏன் அதைத் திட்டினாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் எங்களை முந்தியிருந்தது. கொட்டகைக்குள் முழங்காலுக்குமேல் ஓடியது. கடைசிப் படல் சாய்ந்து, அதன் பக்கத்தில் கட்டியிருந்த சில குட்டிகள் இருந்த இடம் தெரியவில்லை. மற்றவை தீவனத்துக்கு அடுக்கியிருந்த தட்டைப் போரின்மேல் ஏறி நின்றன. உச்சியில் மூத்தவள். எங்களைப் பார்த்ததும் இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்பது மாதிரி ஒரு சத்தம் போட்டது. தட்டைப் போர் அடியில் கரைந்துகொண்டிருந்தது. கொட்டகைக் கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவி நானும் அண்ணனும் கயிறுகளை அறுத்துவிட்டோம். மதினி மூத்தவளைக் கழுத்தோடு அணைத்துக் கரைக்கு இழுத்தாள். மணி ஒலித்தது. மற்றவை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் குதித்து அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வந்தன.

கரையேறியும் நிற்க இடமில்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்புகிற பாதையில் ஓடை ஓடியது. இந்தப் பக்கத்தில் மேடான இடம் என்றால் சரள் மேட்டுப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுதான். மதினி வேலை பார்த்த கம்பெனி.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் மதினி காலத்திலிருந்தே அங்கே இருக்கிறவர். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு வந்தார். ஆடுகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"மருந்து ரூம்பு பக்கம் விட முடியாது தாயி. சாப்பாட்டுக் கொட்டகையில கட்டிக்கோங்க. மொதலாளிக்குப் போனைப் போட்டா டவர் இல்ல. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சொல்லிவிட்டுக் கேட்டைத் திறக்காமல் நின்றார். "இரும்பு எதுவும் உள்ள வரக் கூடாதே. ஒரசுனா பொறி பறக்கும்."

என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணாச்சி, ஊரே மெதக்குது. இந்த ஈரத்துல எதுல தீப்பிடிக்கும்னு பாக்கீக?"

"தீ என்ன உங்கிட்டச் சொல்லிட்டா பிடிக்கும்?" என்றார். அண்ணனின் அரிவாளை வாங்கி வைத்தார். என் செல்போனை, சாவிக் கொத்தை, அண்ணனின் நனைந்துபோன தீப்பெட்டியை வாங்கி வைத்தார். மூத்தவளின் கழுத்தைப் பிடித்து மணியைத் திருப்பிப் பார்த்தார். மணி பித்தளை, அது போகலாம். உள்ளே தொங்குகிற நாக்கு இரும்பு, அது போகக் கூடாது. கம்பியை நிமிர்த்தி நாக்கை மட்டும் கழற்றித் தன் டப்பாவுக்குள் போட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மதினி பக்கம் திரும்பினேன், அவளும் இரண்டு வார்த்தை கேட்பாள் என்று.

மதினியின் கை அவளுடைய கொண்டையில் இருந்தது. அவர் கேட்கவேயில்லை. அவளாகவே கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கையும் கழற்றினாள். எல்லாவற்றையும் உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினாள். அப்புறம்தான் தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது போல. முகம் வெளுத்துவிட்டது. அத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேட் முன்னால் நின்றதும் கை தானாகப் போயிருக்கிறது. வாட்ச்மேன் அவற்றையும் வாங்கி டப்பாவில் போட்டார்.

அந்தச் சாப்பாட்டுக் கொட்டகையில் ஆடுகள் நான்கைந்து நாள் இருந்தன. மதினி அவற்றைவிட்டு நகரவில்லை. அண்ணன் தண்ணீரில் நடந்து கஞ்சி கொண்டுபோனான். வாட்ச்மேன் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக் குட்டிகளுக்குக் கீழே போட்டார். ஒரு ஆடு அங்கேயே ஈன்றது. ஈன்ற குட்டிக்கும் வெள்ளைக் காது. வாட்ச்மேன் அதைத் தன் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். இரும்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். முறைத்தார்.

மூத்தவளுக்குத்தான் சளி பிடித்தது. முதலில் மூக்கு ஒழுகியது, அப்புறம் இழுப்பு. மாட்டு டாக்டர் சுற்றுவழியில் வந்து ஊசி போட்டார். ரொம்ப வயசாயிருச்சும்மா என்றார். மூன்றாம் நாள் மத்தியானம் மதினியின் மடியில் தலையை வைத்துக்கொண்டு செத்துப்போனது. நாக்கில்லாத மணியை அவிழ்த்து மதினி இடுப்பில் செருகிக்கொண்டாள். நாங்கள் சரள் மேட்டின் ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். அண்ணன் தேம்பி அழுதான். ஆட்டுக்கு அழுகிறாயே என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேன்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் காட்டைப் பார்த்தோம். ஓடை கரை உடைத்து மேலக்காட்டில் மணலைக் கொட்டியிருந்தது. மல்லி இருந்த தடமே இல்லை. உளுந்து செடியிலேயே முளைவிட்டு, காயிலிருந்து வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. சோளம் பாதி படுத்துவிட்டது, மீதி நின்றபடியே அழுகியது. கதிரை உரித்தால் முத்துக்கு முத்து முளை. நாங்கள் அவ்வளவு பாசமாக உயர்த்தி வைத்த வரப்பு மட்டும் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. அதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அண்ணன் போய் அதை வெட்டிவிட்டான். இந்தத் தடவை கை வந்தது.

ஆடுகள் வீட்டு வாசலுக்கு வந்தன. கேட்டில் அரிவாள், செல்போன், சாவியை மட்டும் வாங்கிவந்தோம், டப்பாவில் கிடந்த சின்னச் சாமான்கள் ஞாபகத்தில் இல்லை. தட்டைப் போர் ஓடையோடு போய்விட்டது. வெளியே மேய விட்டால் ஈரப் புல்லைத் தின்று வயிறு உப்பின. குளம்பு நொந்து நொண்டின. மணிச் சத்தம் இல்லாததால் ஒன்று கிழக்கே போனால் இன்னொன்று மேற்கே போனது. ஆட்டு வியாபாரி ஒருவர் வந்து வாசலில் உட்கார்ந்தார். இருக்கிறதையும் தள்ளிவிட்டுருங்க, தீவனம் இல்லாம ஒவ்வொண்ணாத்தான் போகும் என்றார். நல்ல மனுஷர்தான், சொன்னதும் நிஜம்தான். மதினி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கம்பெனிகள் திறந்தன. வேன் மறுபடி ஓட ஆரம்பித்தது. முதல் நாளே டிரைவர் எங்கள் வாசலில் வேகத்தைக் குறைக்கவில்லை, நிறுத்தியே விட்டார்.

"காட்டுல ஒண்ணும் மிஞ்சலையாமே. போர்மேன் கேக்கச் சொன்னாக. வாரதுன்னா சொல்லுங்க, எடம் இருக்கு."

மதினி கம்பைத் தூக்கிக் காட்டவில்லை. "ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேன்" என்றாள்.

நான் கவனித்தேன், அவள் கொண்டையில் ஊசி இல்லை. வெறுமனே முடிந்திருந்தாள். மறுநாளும் இல்லை. கடையில் கேட்டால் கிடைக்கிற சாமான். அவள் வாங்கவில்லை. மனசளவில் கம்பெனிக்குப் போய்விட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அண்ணனிடம் சொன்னேன். "நானும் பாத்தேன்" என்றான். சாக்கை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனான்.

அழுகிய சோளத்துக்குள் இறங்கிக் கதிர்களை ஒடித்தான். பூஞ்சணம் பிடித்ததை எறிந்தான். முளைவிட்டதை, கறுத்ததை, விலைக்குப் போகாததை எல்லாம் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தார் ரோட்டில் காயப்போட்டான். வெயில் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. நானும் அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு இறங்கினேன். குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடிந்தது. லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தபோது அண்ணன் நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றான். என் அண்ணன் அப்படி ஒரு ஆளை எதிர்த்து நின்று நான் பார்த்ததில்லை. காய்ந்த தட்டைகளை வெட்டிப் பரண்போட்டு அடுக்கினோம். காய்ந்த கதிர்களைத் தட்டி முத்தெடுத்து மூட்டை கட்டினோம். வீட்டு நடை முழுவதும் மூட்டை.

"இதெல்லாம் எதுக்கு?" என்று மதினி கேட்டாள்.

"மனுசனுக்கு ஆகாது. ஆட்டுக்கு ஆகும்" என்றான் அண்ணன். ஒரு மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு, "கோடை வரைக்கும் வரும்" என்றான். அவன் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

மதினி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை வேன் வந்து நின்றது. மதினி குளித்து, நூல் சேலை கட்டி, கையில் தூக்குவாளியோடு வெளியே வந்தாள். கொண்டையில் ஊசி இல்லை. பழைய நாட்களில் வேனுக்குப் போவாளே, அதே கோலம். அண்ணன் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கிண்டலாக ஏதாவது சொல்லித் தடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

மதினி வேனுக்குப் பக்கத்தில் போனாள். தூக்குவாளியை ஜன்னல் வழியாக டிரைவரிடம் நீட்டினாள்.

"இதுல கோளிக்கொளம்பும் சோறும் இருக்கு. கேட்ல இருக்க அண்ணாச்சிகிட்டக் குடுத்துருங்க. அன்னைக்கு வாங்கி வச்சதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

"நீங்க ஏறலையா?"

"சாயங்காலம் சொல்றேன்."

அன்றைய பகல் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். அண்ணன் ஒரே மூட்டையை மூன்று தடவை இடம் மாற்றி வைத்தான். நூல் சேலை ஏன் கட்டினாள், சாயங்காலம் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்கத் தைரியம் இல்லை.

சாயங்காலம் வேன் திரும்பி வந்து வாசலில் நின்றது. டிரைவர் தூக்குவாளியைக் கொடுத்தார். கழுவித் துடைத்திருந்தது. மதினி மூடியைத் திறந்தாள். உள்ளே லேபிள் தாள் ஒன்றில் பொதிந்து ஒரு பொட்டலம். அதில் மணியின் இரும்பு நாக்கு, ஊக்கு, கொண்டை ஊசிகள். துருப்பிடிக்காமல் இருக்க எல்லாவற்றிலும் எண்ணெய் தடவியிருந்தார் அந்த மனுஷர்.

மதினி மூத்தவளின் மணியையும் நாக்கையும் என் கையில் கொடுத்தாள். "வெள்ளைக் காதுக் குட்டிக்கு இது இப்பப் பெருசு. வளரட்டும். அது வரைக்கும் அதோட ஆத்தாளுக்குக் கட்டுங்க" என்றாள். பிறகு வேன் முன்னால் நின்றபடியே, டிரைவர் பார்க்க, உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, கொண்டையை அவிழ்த்து நன்றாக முடிந்துகொண்டு, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினாள். கடைசி ஊசியைக் குத்திவிட்டு இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

வேனுக்குள் இருந்த ஒருத்தி, மதினியின் பழைய கூட்டாளி, சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரோடுதான் சிரித்தாள். டிரைவர் புரிந்ததென்று தலையாட்டிவிட்டுக் கியரைப் போட்டார்.

"ஆட்டுக் கொட்டகைக்கு மேட்டுல எடம் பாக்கணும்" என்றாள் மதினி எங்களைப் பார்த்து. அண்ணன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.